வலிக்கட்டும் என்று போட்ட தையல்

சென்ற மாதம் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுமைக் கோளாறு உள்ள நோயாளிகள் மேல் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இருக்கும் வெறுப்பை எப்படிக் குறைப்பது என்று இப்போது தனியாக வகுப்பே எடுக்கிறார்களாம். என்னிடம் வேலை பழகிய ஒருத்தி அங்கே ஆசிரியை. அவள்தான் என்னை அறிமுகப்படுத்தினாள். "கையைக் கிழித்துக்கொண்டு வருபவர்கள், மாத்திரையை விழுங்கிவிட்டு வருபவர்கள், வந்த இடத்தில் நம்மையே திட்டுபவர்கள், இவர்களிடம் மேடம் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன்.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "இந்தப் பொறுமையை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் மேடம்?" என்று கேட்டாள். "எல்லாம் அனுபவம்தான் அம்மா" என்று சமாளித்துவிட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் அது உடம்பில் அரித்தது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. மேடையில் சொல்லத் துணிச்சல் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து மூன்று வருஷம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கஞ்சி போட்ட தொப்பி, கால்வலி, ஞாயிற்றுக்கிழமைச் சோறு, அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். நாற்பது படுக்கை, ஒரு அவசரப் பிரிவு, வாசலில் ஒரு வேப்பமரம். தொழிற்பேட்டை அப்போதுதான் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்த காலம். நேற்று வரை வயலில் இருந்தவர்கள் இன்றைக்கு பிரஸ் மிஷின் முன்னால் நின்றார்கள். விரல் நசுங்கியவர், லேத்தில் கை மாட்டியவர் என்று தினமும் நாலைந்து பேராவது வருவார்கள்.

அவசரப் பிரிவுக்குத் தலைமை, நாங்கள் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்ட ஒரு அம்மாள். நாகர்கோவில்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இடுக்கியை எடுத்துத் தட்டில் ஒருமுறை தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு டாக்டரே திரும்பிப் பார்ப்பார். தையல் போட எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். டாக்டர் ஒருவர்தான் இருப்பார், அவரும் பாதி நேரம் ஆபரேஷனில் இருப்பார். ஆகவே சின்னக் காயங்களுக்கு நாங்களே தையல் போடுவோம். காயத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, ஐந்து நிமிஷம் நகராமல் காத்திருக்க வேண்டும். பிறகு ஊசி முனையால் லேசாகக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். "தெரியலை" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் தையல். ஒவ்வொரு தையலும் தனித்தனி முடிச்சு. முடிச்சுகள் எல்லாம் காயத்துக்கு மேலே உட்காராமல் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். "கை நடுங்கினா ஊசியைக் கீழ வை கமலா. நடுக்கம் நின்னப்புறம் எடு. நோயாளி உன் கையைத்தான் பாத்துட்டு இருப்பாங்க" என்பார்.

ஒருநாள் பிரஸ்ஸில் மூன்று விரலை விட்டுவிட்டு வந்த ஒரு மனிதருக்கு, அவர் மனைவி வந்துசேரும் வரை தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்தவர் பெரிய சிஸ்டர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் ஏதோ ராட்சசி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் யாருமே ராட்சசிகள் இல்லை. வெட்கக்கேடே அதில்தான் இருக்கிறது.

எங்கள் இரக்கத்துக்கு ஒரு வாசல்படி இருந்தது. மிஷின் கிழித்த கை உள்ளே வரலாம். தானே கிழித்துக்கொண்ட கை வரக்கூடாது. அப்படி வருபவர்களுக்குச் சுவரோரக் கடைசி பெஞ்சு. எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் அவர்கள் முறை. அட்டெண்டர் முனுசாமி அண்ணன் வாசலிலேயே சத்தம் போட்டு அறிவித்துவிடுவார்: "வந்துட்ச்சும்மா, டிராமா கம்பெனி!" நாங்கள் சிரிப்போம். நோயாளி காதில் விழும் என்று தெரிந்துதான் சிரிப்போம்.

அப்படி வந்தவள்தான் சரோஜா. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். புருஷன் கொண்டுவந்து விட்டுப் போன பிறகு, தொழிற்பேட்டைக்குப் பின்னால் லைன் வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். சின்ன பல்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. அண்ணன் "வெளியே போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிளேடை எடுத்து இடது முழங்கைக்குக் கீழே இழுத்துக்கொள்வாள். பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு தானே நடந்து வருவாள். மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இருமுறை.

ஆரம்பத்தில் அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது. "நீ மட்டுந்தான் சிஸ்டர் எனுக்கு. மத்ததெல்லாம் பேயிங்க" என்பாள். காயம் இல்லாத நாளிலும் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன். பெரிய சிஸ்டர் எச்சரித்தார். "இன்னைக்கு உன்னைத் தலையில தூக்கி வைப்பா, நாளைக்குப் போட்டு உடைப்பா. ஒட்டாதே." அவர் கணித்தது சரி. ஆனால் அதை ஒரு நோயின் குணமாக நாங்கள் பார்க்கவில்லை, அவளுடைய கொழுப்பாகப் பார்த்தோம். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே உயிர் வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்று பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் படித்தபோது, அந்தப் பக்கத்தில் சரோஜாவின் விலாசம் எழுதியிருப்பதுபோல் இருந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டுதான். ஒன்று ஹிஸ்டீரியா, இன்னொன்று நடிப்பு.

ஒருநாள் அவள் மூன்றாவது தடவையாகவோ நான்காவது தடவையாகவோ வந்தபோது, அவளுக்குத் தையல் போடும் வேலை முதல்முறையாக என்னிடம் வந்தது, அதுவரை பெரிய சிஸ்டரே போட்டுவந்தார். நான் மரத்துப்போகும் ஊசியை எடுத்தேன். இடுக்கி தட்டில் பட்டது. "அவளுக்கு வேண்டாம்" என்றார் பெரிய சிஸ்டர். "மருந்து பேக்டரிக்காரங்களுக்கே பத்தலை. அதோட, வலிச்சாத்தான் புத்தி வரும். திரும்ப வர மாட்டா." மருந்து தட்டுப்பாடு என்பது பல நாள் உண்மைதான். அன்றைக்கு உண்மையா என்று நான் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. ஊசி இல்லாமல் நான்கு தையல் போட்டேன். முனுசாமி அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் அலறினாள். கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது என்று நான் தயங்கியபோது, "எப்பவும் எழுதறதை எழுது" என்றார் பெரிய சிஸ்டர். 'மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு தையல்' என்று எழுதினேன். முந்தின கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால், இந்த மாதிரி நோயாளிகள் எல்லோருக்கும் பெரிய சிஸ்டரின் அழகான கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது.

பெரிய சிஸ்டர் சொன்னார், நான் செய்தேன் என்று இதோடு நிறுத்தினால் நான் தப்பித்துக்கொள்வேன். ஆனால் பாக்கி இருக்கிறது.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மூன்று வாரம் லீவு. சரோஜாவிடம் சொல்லவில்லை. நோயாளியிடம் சொல்லிக்கொண்டா லீவு எடுப்பார்கள்? அந்த மூன்று வாரமும் அவள் தினம் சாயங்காலம் வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனாளாம். "கமலா சிஸ்டர் எப்ப வரும்?" என்று கேட்டவளை, "அது வேலைய விட்டே பூட்ச்சு" என்று முனுசாமி அண்ணன் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வந்து வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, முழங்கையிலிருந்து ரத்தம் சொட்ட அவள் உள்ளே வந்தாள். பெஞ்சு நிறைய தொழிலாளிகள். என் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"கல்யாணம் கட்டிகினு ஷோக்கா கீறியா? நான் செத்தனா பொழைச்சனான்னு கேட்டியா நீ? நீயும் அவளுங்க கூட்டந்தான்! உன் சிரிப்பெல்லாம் வேஷம்! அந்தத் தாலி நிக்காதுடி உனுக்கு!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய சிஸ்டர் அன்றைக்கு வரவில்லை, தங்கை வீட்டு விசேஷம். மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. மரத்துப்போகும் மருந்துப் புட்டிகளை அன்று காலைதான் நானே எண்ணி வரிசையாக அடுக்கியிருந்தேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அவளைக் கடைசி பெஞ்சில் மதியம் வரை உட்காரவைத்தேன். பிறகு உள்ளே கூப்பிட்டு, ஊசி போடாமல் ஒன்பது தையல் போட்டேன்.

நிதானமாகப் போட்டேன். நான்காவது தையலில் நூலை இழுத்துக்கொண்டே, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டேன். மரத்துவிட்டதா என்று எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வி. அவளிடம் அதை எதற்காகக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. அன்றைக்கு அவள் அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்தபடி, "தெரியுது சிஸ்டர்" என்றாள். என் கை நடுங்கவே இல்லை. முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கமாக இருந்தன. கேஸ் ஷீட்டில் 'மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒன்பது தையல்' என்று எழுதிவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. தையல் பிரிக்கக்கூட வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். "பாத்தியா? இத்தனை மாசம் பேசியும் வராத புத்தி ஒன்பது தையல்ல வந்துடுச்சு" என்றார் பெரிய சிஸ்டர். புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு இதை ஒரு வைத்தியமாகவே சொல்லிக்கொடுத்தோம். நானே இரண்டு பேருக்குச் சொன்னேன். அந்த இரண்டு பேரும் எத்தனை பேருக்குச் செய்தார்களோ, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

ஐப்பசி மழையில் லைன் வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்து, காலரா பயம் வந்தது. வீடுவீடாகத் தடுப்பூசி போட ஆள் போதவில்லை என்று சுகாதார இன்ஸ்பெக்டர் கேட்டு, எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பினார்கள். முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகப் போனேன். ஒரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்தால் சரோஜா உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா சிஸ்டர், இன்னா இளைச்சுப்பூட்ட?" என்று சிரித்தாள். பழைய கோபம் எதுவுமே அவள் முகத்தில் இல்லை.

வலது கையை நீட்டினாள். ஊசி போட்டேன். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அங்கிருந்து ஒரு நாற்றம் வந்தது. அந்த நாற்றம் தெரியாத நர்சு கிடையாது. "காட்டு" என்றேன். "ஒண்ணியும் இல்ல சிஸ்டர்" என்றாள். நானே துணியை விலக்கினேன்.

மணிக்கட்டுக்கு மேலே குறுக்காக ஒரு காயம். அதில் ஏழு தையல். கறுப்புத் துணித்தையல் நூல். ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு, எல்லாம் ஒரே பக்கமாக. கை மணிக்கட்டிலிருந்து வீங்கிச் சிவந்திருந்தது. நூலுக்கு நடுவில் சீழ். அதற்கு மேலே, நாங்கள் தைக்காத, ஆறிப்போன இன்னும் இரண்டு கோடுகள், அவற்றிலும் நூல் குத்திய புள்ளிகள்.

"யார் போட்டது இது?"

"நாந்தான்."

"ஒரு கையாலயா?"

"பல்லால கடிச்சி முடிச்சி போட்டேன். நீ போட்டத்தான் பாத்துகினே இருந்தேனே. ஊசியக்கூட வென்னீர்ல போட்டு எடுத்தேன் சிஸ்டர், ஆஸ்பத்திரில போடுவீங்களே, அத்த மாதிரி." நூலை வெந்நீரில் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் நூல் ஸ்பிரிட் புட்டியில் ஊறிக்கொண்டிருக்கும், அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு என்ன?" என்று அதட்டினேன். அப்போதும் அதட்டல்தான் வந்தது எனக்கு.

"அங்க வந்தாலும் இதே வலிதானே சிஸ்டர்" என்றாள், ஏதோ பஸ் வழி சொல்வதுபோல. "ஊட்லன்னா யாரும் சிரிக்கமாட்டாங்கோ."

தடுப்பூசிப் பெட்டியை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வழியில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ரிக்ஷாக்காரரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னதோடு சரி. பெரிய சிஸ்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். "முடிச்செல்லாம் ஒரே பக்கமா இருக்கு" என்று மெல்லச் சொன்னார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ரிட்டயர் ஆகும் வரை, யாருக்கும் ஊசி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

புதிதாக வந்திருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், எதையும் கேட்டு எழுதுகிற ரகம். சரோஜாவின் பழைய கேஸ் ஷீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு நல்லா வைத்தியம் பண்ணியிருக்காங்க. இங்க வராம நீயே ஏன் தைச்சுக்கிட்டே?" என்று கேட்டார்.

"அந்த ஊசி போடாம தச்சாங்க சார். நோவு தாங்கல" என்றாள் சரோஜா. குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. கேட்டார், சொன்னாள்.

டாக்டர் கேஸ் ஷீட்டைத் திரும்பப் பார்த்தார். என்னுடைய கையெழுத்து. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போட்டீங்கதானே சிஸ்டர்?"

ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. வேலை போய்விடும் என்று பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிட, அந்தச் சின்ன வயது டாக்டர் முன்னால், முனுசாமி அண்ணன் முன்னால், ஒரு டிராமா கேஸ் சொல்வது நிஜம், நான் சொல்வது பொய் என்று ஆகக்கூடாது. அதுதான் என் மனதில் இருந்தது.

"போட்டேன் டாக்டர்" என்றேன்.

சரோஜா என்னைப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். எனுக்குத்தான் கியாபகம் இல்ல" என்றாள்.

டாக்டர் எழுதினார். பக்கத்தில் நின்ற எனக்கு எழுத்து தெரிந்தது. 'நோயாளி உண்மைக்கு மாறாகப் பேசும் இயல்புடையவர்.' அந்த வரி அவள் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஏறியது. இனி அவளைப் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அதைப் படிப்பார். அவளுடைய அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை, பல்பு அடுக்கும் வேலையும் போனது. இருந்தாலும் விரல்களைவிட அந்த வரிதான் எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிகிறது. சீழ் பிடித்தது நூலால் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வரி முழுக்க முழுக்க நான் செய்தது.

தையலைப் பிரித்து, சீழை வழித்து, புண்ணைத் திறந்து வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "மரத்துப்போக ஊசி போடுங்க சிஸ்டர்." புண்ணுக்கு மேலே நல்ல தோலில் சுற்றிலும் போட்டேன். அன்றைக்குத்தான் என் கை நடுங்கியது. ஊசியைக் கீழே வைக்காமலே போட்டு முடித்தேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம்.

மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. சரோஜா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கையால் இடது கையைத் தட்டிப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்! கை பூட்ச்சு சிஸ்டர்! தொட்டா தெரியல! ஐயோ, கை செத்துப்பூட்ச்சு!"

டாக்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஊசியை ஒருமுறையாவது வாங்கியிருந்தவள் இப்படிப் பயப்படமாட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்தது. மேஜைமேல் கேஸ் ஷீட் திறந்துதான் கிடந்தது, பேனாவும் அதன் மேலேயே இருந்தது. அவர் அதை எடுத்து மூடி, ஓரமாக வைத்துவிட்டு, இடுக்கியைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"செத்துப் போகலை சரோஜா. மருந்துதான். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்றேன்.

அவள் கறுப்பு நூல் ஒவ்வொன்றாக வெட்டப்படுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கப்போகிறது என்று ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்தாள். வலிக்கவில்லை. நாலைந்து நூலுக்குப் பிறகு உதட்டை விட்டாள். என் பக்கம் திரும்பி, ஆச்சரியம் தாங்காமல் தணிந்த குரலில் கேட்டாள்:

"எல்லாருக்கும் இப்டித்தான் போடுவீங்களா சிஸ்டர்?"